மனதைப் படிக்கும் புரட்டும் மனித குலத்தின் எதிரிகளும்

ஜப்பான் தேசத்தில் செய்யப்பட்ட ஒரு சித்திரப் படத்தைப் பற்றி நாம் இந்த வாரம் எழுதப் புகுந்திருப்பதைக் கண்டு வாசகர்களில் சிலர் ஆச்சரியப்படவும், சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். நாட்டில் சொல்ல வேண்டிய சங்கதிகள் எத்தனையோ இருக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துப் பொழுதுபோக்குகிற பொம்மைப் படத்திற்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமேயாகும். எதையும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று ஊர் ஊராய்ச் சொல்லி வருகின்ற நாம், நம்மையே கேட்கிறவர்கள் மீது கோபித்துக்கொண்டால் நம்மைவிட அயோக்கியர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. ஆதலால் முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

சில நாட்களுக்கு முன் ஒரு கூட்டத்திற்குப் போய், இராத்திரி வண்டி தவறி, அவ்வூர்த் தோழர் ஒருவர் வீட்டில் தங்க நேர்ந்தது. அவருடைய மகன் பத்தாவது வகுப்புப் படிக்கிறவன். "நீங்கள் பேசியதைத்தான் இந்தப் படமும் சொல்கிறது, பாருங்கள் அய்யா" என்று தன் கைப்பேசியை நம் கையில் கொடுத்தான். பேச்சு ஜப்பானிய பாஷை. கீழே ஓடியது இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷை வைத்துக்கொண்டு அன்றிரவு நான்கு பாகம் பார்த்தோம். மீதியை வீட்டுக்கு வந்து பார்த்து முடித்தோம். பையன் சொன்னது பாதிதான் சரி. நாம் மேடையில் பேசியதை அப்படம் சொல்லுகின்றது என்பது மெய். ஆனால் நாம் மேடையில் பேசாமல் விட்ட ஒன்றையும் அது சொல்லுகின்றது. அந்த இரண்டாவது சங்கதிக்காகவே இதை எழுதுகின்றோம்.

படமும் கதையும்

படத்தின் பெயர் ஜப்பானிய பாஷையில் "முனோ ந நானா". "திறமையற்ற நானா" என்று அதற்குப் பொருள் சொல்லலாம். லூஸ்பாய் என்ற புனைபெயருடைய ஒருவர் கதை எழுத, இயோரி ஃபுருயா என்பவர் சித்திரம் வரைய, 2016-ம் ஆண்டு முதல் ஒரு மாதப் பத்திரிகையில் சித்திரக் கதையாக வெளிவந்தது. அதை ஷின்ஜி இஷிஹிரா என்ற டைரக்டர், பிரிட்ஜ் என்னும் கம்பெனியாருக்காக 13 பாகங்கள் கொண்ட படமாக்கினார். 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் முடிய ஜப்பானிய டெலிவிஷனில் அது காட்டப்பட்டது.

இம்மாதிரிப் படங்களுக்கு என்று ஒரு பழகிய தடம் உண்டு. அதாவது, பறக்கிறவன், நெருப்பைக் கக்குகிறவன், மலையைத் தூக்குகிறவன் ஆகிய அபூர்வ சக்தியுடைய பிள்ளைகளையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து, உலகத்தைக் காப்பாற்றப் பழக்குவதாகக் கதை கட்டுவது. 1963-ம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய "எக்ஸ்-மென்" என்கின்ற சித்திரக் கதையும், 2014-ல் ஜப்பானில் தொடங்கிய "என் வீரர் பள்ளி" என்று பொருள்படும் கதையும் இந்தத் தடத்தில் வந்தவைகளே. பின்னதில் சக்தி ஏதுமில்லாமல் பிறந்த ஒரு சாதுப் பையன்தான் கதாநாயகன். எல்லோராலும் ஏளனம் செய்யப்பட்ட அவன் படிப்படியாக மேலே வருவான்.

"திறமையற்ற நானா"வும் இப்படியேதான் ஆரம்பிக்கின்றது. கடலுக்கு நடுவில் ஒரு தீவு. அதில் ஒரு பள்ளிக்கூடம். "மனித குலத்தின் எதிரிகள்" என்று சொல்லப்படுகின்ற ஏதோ பயங்கர ஜந்துக்களை எதிர்ப்பதற்காகச் சக்தியுடைய இளைஞர்களை அரசாங்கத்தார் அங்கே வைத்துப் பழக்குகிறார்கள். அவ்வகுப்பில் நாகஜிமா என்று ஒரு பையன். அவனுக்குச் சக்தி ஏதுமில்லையென்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். நானா ஹீராகி என்ற பெண் புதிதாக வந்து சேருகிறாள். தனக்குப் பிறர் மனதிலிருப்பதைப் படிக்கும் சக்தி இருப்பதாகச் சொல்லுகிறாள். சிரித்த முகம், எல்லோரிடமும் பிரியம். அந்தப் பையனுக்கும் தைரியம் சொல்லுகிறாள். அவனுக்கும் ஒரு சக்தி உண்டென்பதும், அது பிறருடைய சக்தியை ஒன்றுமில்லாமற் செய்துவிடும் சக்தி என்பதும் வெளிப்படுகின்றது. இனி இவன்தான் நாயகன் என்று பார்க்கிறவன் நிமிர்ந்து உட்காருகின்ற நேரத்தில், முதற் பாகத்தின் கடைசியில், அந்தப் பெண் அவனைச் செங்குத்தான பாறையின் மேலிருந்து கடலுக்குள் தள்ளி விடுகிறாள்.

(படத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு படிப்போம் என்கிற வாசகர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மேலே எல்லா மர்மத்தையும் உடைத்தே எழுதுகின்றோம்.)

அவள் யார்? அரசாங்கத்தாரால் அனுப்பப்பட்ட கொலைகாரி. எதிர்க்கப்பட வேண்டிய ஜந்து எதுவும் எங்கேயும் இல்லை. அங்கே படிக்கின்ற பிள்ளைகளைத்தான் அரசாங்கத்தார் "மனித குலத்தின் எதிரிகள்" என்று பெயரிட்டுத் தீவில் கொண்டுவந்து அடைத்திருக்கின்றார்கள். நானாவின் வேலை அவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்து விடுவது. அவளுக்கு மனதைப் படிக்கும் சக்தியும் கிடையாது. வேறெந்தச் சக்தியும் கிடையாது. கண்ணும் காதும் விஷ ஊசியுமே அவளுடைய ஆயுதங்கள். இதன் பிறகு படம் பள்ளிக்கூடக் கதையாயிருப்பது போய், பூனைக்கும் எலிக்கும் நடக்கிற மனோதத்துவப் போராட்டமாகி விடுகின்றது. கொலை செய்தது யார் என்பது பார்க்கிறவனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அகப்படுவாளா, எப்படி அகப்படுவாள் என்பதுதான் சங்கதி.

சக்தியில்லாதவளின் சக்தி

இப்பொழுது முதற் காரியத்திற்கு வருவோம். அந்தத் தீவிலே பிறந்த சக்திகளெல்லாம் கதையின்படி மெய்யானவை. பொய்யான சக்தி ஒன்றே ஒன்றுதான். அது மனதைப் படிப்பது. ஆனால் மெய்யான சக்தியுடையவர்களெல்லாம் அந்தப் பொய்யான சக்தியிடத்தில் ஏமாறுகிறார்கள். காலத்தில் பின்னோக்கிப் போக வல்ல ஒருவன், அவனுடைய அந்தச் சக்தியைக் கொண்டே சாகும்படி அவளால் செய்யப்படுகின்றான். எப்படி முடிந்தது? அவள் பார்க்கிறாள், கேட்கிறாள். எதிரே இருப்பவன் எதைச் சொன்னால் முகம் மாறுகிறான், எதை மறைக்கப் பதறுகிறான், யாரைப் பார்த்து வாய் அடைக்கிறான் என்பதைக் கவனித்து, பொதுவாக ஒரு வார்த்தையை விடுகிறாள். அவன் தானாகவே மீதியைக் கொட்டி விடுகிறான். பிறகு அதையே திருப்பிச் சொன்னால், "அடடா, என் மனதைப் படித்துவிட்டாளே" என்று அவனே ஊருக்குச் சாட்சி சொல்லுகிறான்.

தோழர்களே! இது எங்கோ கண்ட மாதிரி இல்லையா? குடுகுடுப்பைக்காரன் முதல் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்க்கிறவன் வரையில் செய்கிற வித்தை இதுவேயல்லவா? "உனக்கு மனதிலே ஒரு குறை இருக்கிறது" என்றால், குறையில்லாத மனிதன் எவன்? "நீ நம்பியவர்கள் உன்னைக் கைவிட்டார்கள்" என்றால், அப்படி நினைக்காதவன் எவன்?

இது நம்முடைய வாய்ச்சவடால் அல்ல. 1948-ம் ஆண்டு அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் மனோதத்துவ ஆசிரியர் தம்முடைய மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்தார். அதைக்கொண்டு ஒவ்வொருவருடைய குணத்தையும் தனித்தனியாக எழுதித் தருவதாகச் சொல்லிக் காகிதங்களைக் கொடுத்து, எவ்வளவு பொருத்தம் என்று 5-க்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி 4.26 மார்க்குக் கிடைத்தது. பிறகு பார்த்தால், 39 பேருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே வாசகம். அதுவும் கடையில் விற்கிற ஜோசியப் புஸ்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்தது! படித்த மாணவர்கள் கதியே இதுவானால், துக்கத்தோடும் பயத்தோடும் குறி கேட்கப் போகிறவன் கதி என்னவாயிருக்கும்?

ஜப்பானிலேயே இதற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1910-ம் ஆண்டு வாக்கில், மூடிய பெட்டிக்குள்ளிருக்கும் எழுத்தைப் படிப்பதாகச் சொல்லப்பட்ட மிஃபுனே சிசுகோ என்னும் பெண்ணைப் பற்றி அந்நாடே பேசிற்று. தோக்கியோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபுகுராய் என்ற ஆசிரியர் அதை மெய்யென்று நம்பிப் பிரசாரம் செய்தார். அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில் பெரிய பெரிய பண்டிதர்கள் முன்னிலையில் சோதனை நடந்தபோது, யாமகாவா என்னும் பௌதிக சாஸ்திரி ஈயக் குழாய்க்குள் எழுத்தை வைத்து மூடிக் கொடுத்தார். அந்த அம்மாள் சரியாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது யாமகாவா கொடுத்த குழாயில் இருந்ததை அல்ல. பழகுவதற்காக ஃபுகுராய் கொடுத்திருந்த வேறு குழாயில் இருந்ததை! 1911 ஜனவரியில் அந்த அம்மாள் விஷம் குடித்து இறந்து போனார், வயது 24. சில வருஷங்களில் ஃபுகுராயும் சர்வகலாசாலையை விட்டுப் போக நேர்ந்தது. அந்த அம்மாளை நாம் ஏசவில்லை. ஒரு ஏழைப் பெண்ணைத் தெய்வமாக்கித் தூக்கி வைத்துப் பிறகு கீழே போட்டவர்கள், படித்தவர்களும் பத்திரிகைக்காரர்களும்தான் என்பதையே சொல்லுகின்றோம்.

கேட்கத் தெரிந்த ஒருவன்

படத்தில் கியோயா ஒனோதெரா என்று ஒரு மாணவன் வருகிறான். அவன் ஒருவன் மாத்திரம் நானாவை முதலிலிருந்தே சந்தேகிக்கிறான். அவனுக்கும் ஒரு சக்தி உண்டு, சாவு கிடையாது. ஆனால் அவன் சாகாமல் இருப்பதுதான் சக்தியினால். ஏமாறாமல் இருப்பது கேள்வியினால். "மனதைப் படிப்பாயானால் இதைச் சொல், அதைச் சொல்" என்று சோதிக்கிறான். காணாமல் போனவன் கடைசியாக யாரோடு இருந்தான் என்று விசாரிக்கிறான். அவனிடத்தில் நாம் மிகவும் மெச்சுவது வேறொன்று. சந்தேகம் பலமாக இருந்தும், ருசு இல்லாமல் நாலு பேர் முன்னால் அவளைக் குற்றவாளியென்று கூவி, கூட்டத்தைத் தூண்டிவிட அவன் போகவில்லை. சந்தேகப்படுவது ஆரம்பம், ருசுப் பார்ப்பது முடிவு. சந்தேகத்தையே முடிவாக வைத்துக்கொள்ளுகிறவன் பகுத்தறிவுக்காரன் ஆக மாட்டான். அவன் வெறும் புறங்கூறி.

கெட்டிக்காரத்தனம் வேறு, பகுத்தறிவு வேறு

நிற்க. இதுவரையில் சொன்னது நாம் மேடைகளில் சொல்லி வருகின்ற சங்கதியே. இனிமேல்தான் நமக்கே உறைக்கும்படியான சங்கதி இருக்கின்றது.

நானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஜோசியத்தில் நம்பிக்கையில்லை; மந்திரத்தில் நம்பிக்கையில்லை. எந்த அதிசயத்தைக் கண்டாலும், இது எப்படி நடக்கிறது, எந்த அளவு வரை நடக்கும், எதனால் தடைபடும் என்று அக்கக்காகப் பிரித்துப் பார்க்கிறாள். நாம் கூட்டங்களில் இளைஞர்களுக்கு எந்தக் குணங்களெல்லாம் வேண்டும் என்று சொல்லுகின்றோமோ, அத்தனையும் அவளிடத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் அவள் கொலைகாரி. ஏன்?

ஏனென்றால் அவள் எல்லாவற்றையும் கேள்வி கேட்டாள். ஒன்றை மாத்திரம் கேட்கவில்லை. "இந்தப் பிள்ளைகள் மனித குலத்தின் எதிரிகள் என்று சொன்னது யார்? அவருக்கு அது எப்படித் தெரியும்? அதைச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்?" என்ற ஒன்றை மாத்திரம் கேட்கவில்லை. அவளுடைய டெலிபோனில் மேலிடத்திலிருந்து சேதி வரும். இன்ன மாணவன், அவனை உயிரோடு விட்டால் அவனால் சாகப் போகிறவர்கள் இத்தனை லட்சம் பேர் என்று கணக்குப் போட்டிருக்கும். யாரும் இன்னும் சாகவில்லை. அவன் யாரையும் கொல்லவுமில்லை. ஆனால் கணக்கு மாத்திரம் தயாராயிருக்கிறது! எண்ணாகப் போட்டுவிட்டதால் அது சாஸ்திரமாகி விடுகின்றது. கிரகம் பார்த்து இவன் குடும்பத்துக்கு ஆகாதவன் என்று எழுதுகிறவனுடைய ஜாதகத்திற்கும் இந்த டெலிபோன் கணக்கிற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கே கட்டமும் ராசியும். இங்கே எண்ணும் யந்திரமும். இரண்டிலும், செய்யாத காரியத்திற்காக ஒருவன் பிறப்பிலேயே தண்டிக்கப்படுகின்றான்.

அவள் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் படத்தில் காரணம் சொல்லப்படுகின்றது. சிறு வயதிலேயே அவளுடைய பெற்றோர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றது சக்தியுடையவன் என்றும், அந்தச் சாவுக்கு அவளும் பொறுப்பு என்றும் சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தார்கள். சுருவோகா என்கின்ற மேலதிகாரி அவளுடைய துக்கத்தையும் குற்ற உணர்ச்சியையும் கயிறாகத் திரித்து, அதை அவள் கழுத்தில் மாட்டி, நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டான். பாவம் செய்தவன் நீ, பரிகாரம் சொல்லுகிறவன் நான் என்று குழந்தைப் பருவத்திலேயே ஏற்றிவிட்டால், அந்தக் குழந்தை எவ்வளவு புத்திசாலியாக வளருகின்றதோ அவ்வளவும் ஏற்றினவனுக்கே லாபமாகும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். புத்தி கூர்மையாயிருப்பது பகுத்தறிவு ஆகாது. கத்தியும் கூர்மையாகத்தான் இருக்கின்றது. பிறத்தியாருடைய நம்பிக்கையைக் குடைந்து பார்ப்பது எளிது. அதில் ஒரு ருசியும் உண்டு. நமக்கு வேண்டியவர்கள் சொன்னதை, நமக்குப் பிடித்ததை, நம்முடைய கோபத்திற்குத் தீனியாயிருப்பதைக் குடைந்து பார்ப்பதே பகுத்தறிவு. முன்னதை மாத்திரம் செய்து பின்னதைச் செய்யாதவனுக்கும் நானாவுக்கும் அதிக தூரமில்லை.

"அவர்கள் அபாயமானவர்கள்தானே?"

இவ்விடத்தில் ஒரு ஆட்சேபணை வரும். படத்திலுள்ள மாணவர்களில் சிலர் மெய்யாகவே கொடியவர்கள். இறந்தவர்களின் உடலைப் பொம்மைபோல ஆட்டுகிறவள் ஒருத்தி. தன் சக்தியைக் கொண்டு கொலை செய்கிறவன் ஒருவன். அப்படியிருக்க, அரசாங்கத்தார் பயப்படுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நம்முடைய பதில் சுருக்கமானது. கொலை செய்தவனைப் பிடி, விசாரி, ருசுவானால் தண்டி. செய்கைக்குத்தான் தண்டனை, பிறவிக்குத் தண்டனையென்று ஆரம்பித்தால் அதற்கு எல்லையே கிடையாது. அந்தத் தீவில் பிறர் காயத்தை ஆற்றுகின்ற ஒரு பெண் இருக்கின்றாள். அவளும் கொல்லப்பட வேண்டியவர்களில் ஒருத்தி! வைத்தியம் செய்கிறவளையும் எதிரியென்று காட்டுகின்ற கணக்கு, பயத்தினால் போட்ட கணக்கே தவிர அறிவினால் போட்டதல்ல.

இது வெறுங் கதைதானே என்பவர்களுக்கு, அதே ஜப்பானில் நடந்ததொன்றைச் சொல்லுகின்றோம். கதாசிரியர் அதை மனதில் வைத்து எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. நமக்கு அது ஞாபகத்திற்கு வந்தது என்று மாத்திரமே சொல்லுகின்றோம்.

ஒகாயாமா ஜில்லாவில் நாகஷிமா என்று ஒரு தீவு. கரைக்கும் அதற்கும் இடையிலுள்ள கடல், குறுகிய இடத்தில் சில பத்து மீட்டருக்கு மேலில்லை. தொழுநோயாளிகளை அடைத்து வைப்பதற்காக 1930-ல் அரசாங்கத்தார் அங்கே ஒரு ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார்கள். 1931-ம் வருஷத்துச் சட்டத்தினால் நோயாளிகள் அத்தனை பேரையும் பிடித்து அடைக்க வழி செய்யப்பட்டது. தங்கள் ஜில்லாவில் நோயாளி ஒருவர்கூட இல்லாமற் செய்யவேண்டுமென்று ஜில்லாவுக்கு ஜில்லா ஒரு இயக்கமே நடத்தி, அண்டை வீட்டாரைக்கொண்டே காட்டிக்கொடுக்கச் செய்தார்கள். தீவுக்குள் போகிறவர்களின் கைப்பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரிக்குள் மாத்திரம் செல்லக்கூடிய காசைக் கொடுத்தார்கள். ஓடிப் போனாலும் கடையில் ஒரு கவளம் வாங்க முடியாது.

அந்தத் தீவிலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நாட்டிலுள்ள மற்ற தொழுநோய் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் இளைஞர்களைச் சேர்த்து 1955-ல் ஒரு உயர்தரப் பள்ளியைத் திறந்தார்கள். ஆசிரியர்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பாடம் சொன்னார்கள். மாணவர்கள் ஆசிரியர்களின் அறைக்குள் நுழையக் கூடாது. வேண்டுமானால் மணியை அழுத்திக் கூப்பிட வேண்டும். நினைத்துப் பாருங்கள்! எளிதில் தொற்றாத நோய். அதற்கு நல்ல மருந்து 1940-களிலேயே கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் 1953-ல் பழைய சட்டத்தைப் புதுப்பித்தார்களேயல்லாமல் எடுக்கவில்லை. கரைக்கும் தீவுக்கும் பாலம் போட 1988-ம் வருஷம் ஆயிற்று. சட்டம் ஒழிய 1996 ஆயிற்று. 2001-ம் வருஷம் மே மாதத்தில் குமமோட்டோ கோர்ட்டார், அடைத்து வைத்தது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அரசாங்கத்தாரும் அப்பீலுக்குப் போகாமல் ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு வந்தபோது பள்ளிக்கூடம் மூடி 14 வருஷம் ஆகியிருந்தது.

இதைச் செய்தவர்கள் மூடர்களா? இல்லை. வைத்தியம் படித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், கணக்குப் புலிகள். "இவர்கள் சமூகத்திற்கு அபாயம்" என்ற முதல் வரியை மாத்திரம் திரும்பிப் பார்க்காமல், அதன் மேல் தங்கள் படிப்பையெல்லாம் அடுக்கினார்கள். அஸ்திவாரம் பொய்யானால், கட்டுகிற கொத்தன் எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவு உயரத்திலிருந்து கட்டடம் விழும்.

நம்முடைய கணக்கு

ஊராரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது. 2018-ம் ஆண்டு, குழந்தை பிடிக்கிற கூட்டம் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் சேதி பரவியது தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். அதை நம்பிய ஜனங்கள், நம் மாகாணத்திலும் பிற மாகாணங்களிலும், வழிதவறி வந்தவர்களையும் பாஷை தெரியாதவர்களையும் அடித்தே கொன்றார்கள். அந்தச் சேதி நமக்கும் வந்தது. அனுப்பியவர் நாம் மதிக்கின்ற ஒரு தோழர். கடவுளைப் பற்றி ஒருவன் ஒரு வார்த்தை சொன்னால் நூறு கேள்வி கேட்கின்ற நாம், அந்தச் சேதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஜாக்கிரதையாயிருப்பது நல்லதுதானே" என்று நாலு பேருக்கு அனுப்பினோம். நாம் அனுப்பியதால் யாரும் சாகவில்லை என்றே நினைக்கின்றோம். ஆனால் அப்படி நினைப்பதற்கு நம்மிடத்தில் ருசு ஒன்றுமில்லை. மறுவாரம் சாவுச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, கையிலிருந்த கைப்பேசி சுட்டது. அன்று முதல், வருகின்ற எந்தச் சேதியையும் அனுப்பியவர் யார் என்று பார்த்து நம்புவதில்லை; எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்கின்றோம். இதனால் சில தோழர்களுக்கு நம்மீது வருத்தமும் உண்டு. இருக்கட்டும்.

நானா ஒன்றும் வேறு உலகத்துப் பிசாசு அல்ல என்று நமக்குப் பட்டது இதனால்தான். அவளுடைய டெலிபோனும் நம்முடைய டெலிபோனும் ஒரே வேலையைத்தான் செய்தன.

கடைசியில் திருத்தியது எது?

படத்தின் முடிவைச் சொல்லி நிறுத்துகின்றோம். மேலே சொன்ன அந்தக் காயம் ஆற்றும் பெண்ணின் பெயர் மிச்சிரு இனுகாய். அவள் காயத்தை நாவினால் நக்கி ஆற்றுவாள். ஆற்றும்போதெல்லாம் அவளுடைய சொந்த ஆயுள் குறையும். வகுப்பில் அவளை மட்டமாக நடத்துகிறார்கள். சூது வாது தெரியாதவள். கெட்டிக்காரி நானாவின் பக்கத்தில் அவளை மக்கு என்றே யாரும் சொல்வார்கள். அவளையும் கொல்ல வேண்டுமென்று தேதி பார்த்துக் கொண்டிருந்த நானா, தன் சிறு வயதுக் கதையை அவளிடம் சொல்ல நேருகின்றது. கேட்ட மிச்சிரு, அது உன்னுடைய குற்றமல்லவே, அவர்கள் உனக்குச் சொன்னது சரியாயில்லையே என்கிறாள். அத்தனை வருஷமும் நானாவிடத்தில் யாரும் சொல்லாத வார்த்தை! நானாவின் புத்தி செய்யாத வேலையை அந்த மக்கின் அன்பு செய்தது. முதல் வரியைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. பதின்மூன்றாம் பாகத்தில் நானா சாகக் கிடந்தபோது, மிச்சிரு தன் ஆயுளில் மிச்சமிருந்ததையெல்லாம் கொடுத்து அவளைப் பிழைக்க வைத்துவிட்டுச் செத்துப் போகிறாள். "மனித குலத்தின் எதிரி" செய்த காரியம் அது. மனித குலத்தின் காவலாளிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் செய்தது என்னவென்று மேலே சொல்லியாயிற்று.

குறையே இல்லாத படமென்று நாம் சொல்லவில்லை. கொலை மேல் கொலையாகப் போவதில் சிறு பிள்ளைகளுக்கு ஆகாத பகுதிகள் இருக்கின்றன. அன்றியும் இந்தப் 13 பாகங்களில் கதை முடிந்துவிடவுமில்லை. பாதி வழியில் நிற்கின்றது. சுருவோகாவுக்கு அதில் எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. அது ஒரு வகையில் உலக நடப்பாகவே இருக்கின்றது. ஆனாலும் வளர்ந்த பிள்ளைகள் பார்க்கட்டும், பெற்றோர்கள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும், பார்த்து முடிந்த பிறகு, "நானா எந்த இடத்தில் கேட்காமல் விட்டாள்?" என்று வீட்டிலேயே ஒரு விவாதம் நடத்தட்டும். அது நாலு பிரசங்கத்திற்குச் சமானமாகும்.

ஆகவே தோழர்களே! எவனாவது உங்களிடத்தில் வந்து "உன் மனதிலிருப்பதை நான் சொல்லுகிறேன்" என்றால், சிரித்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு நஷ்டம் நாலு காசு. ஆனால் எவனாவது வந்து, "இந்தக் கூட்டம் பிறவியிலேயே உனக்கு எதிரி, கணக்கு என்னிடத்தில் இருக்கிறது" என்று சொன்னால், அவன் காவி கட்டியிருந்தாலும் சரி, கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, நம்முடைய மேடையிலேயே கறுப்புச் சட்டையோடு நின்றாலும் சரி, சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். நின்று கேளுங்கள்: யார் சொன்னது? எப்படித் தெரியும்? அவர்கள் செய்தது என்ன?

இந்த மூன்று கேள்விக்கும் பதில் வருகிறவரையில் கையைக் கட்டிக்கொண்டிருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.